இடது பெடல்

கால் நழுவியது ஷீஜாவுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றும்போதுதான் ரத்தத்தைப் பார்த்தாள். இடது முழங்காலுக்குக் கீழே சைக்கிள் பெடலின் முள் கிழித்த மூன்று கோடுகள். எப்போது, எந்த இடத்தில் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வேறு யாருடைய காலையோ கழுவுவதுபோலக் கழுவி மருந்து வைத்தாள். பிறகு ஆபீசுக்குப் போனாள்.

அவளுக்கு முப்பத்தேழு வயது. தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருந்த ஒரு கிளியரிங் ஏஜென்சியில் ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிக்கும் வேலை. ஒன்றரை வருடத்துக்கு முன் வேம்பாரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, கணவன் ஜெபினோடு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்த நேரம். சாலையோரம் விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் மோதினார்கள். ஜெபின் அங்கேயே இறந்துபோனான். அவளுக்கு இடுப்பெலும்பு உடைந்து, இடது காலுக்குப் போகும் நரம்பு நசுங்கியது. எலும்பு கூடிவிட்டது. முழங்காலுக்குக் கீழே உணர்வு மட்டும் திரும்பவில்லை.

ஜெபினை அடக்கம் செய்த அன்று அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நாசரேத்திலிருந்து அம்மா வந்து ஆறு மாதம் கூடவே இருந்தாள். மகள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே என்று போனில் சித்தியிடம் சொல்லி அம்மாதான் அழுதாள். ஷீஜா அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அழக்கூடாது என்று அவள் நினைக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். சாப்பிட்டாள், தூங்கினாள், விடுப்பு முடிந்ததும் வேலைக்குப் போனாள்.

தொடைக்குப் பலம் வரவேண்டுமானால் சைக்கிள் ஓட்டலாம் என்று பிசியோதெரபி பார்த்த பெண் சொன்னாள். வீட்டில் இரண்டு மவுண்டன் பைக்குகள் நின்றன. மலையே இல்லாத ஊரில் மலைச் சைக்கிள் எதற்கு என்று ஆபீசில் கேலி செய்வார்கள். உப்பளத்து வரப்புப் பாதைகளுக்கு அந்தத் தடித்த டயர்தான் சரி என்று ஜெபின் சொல்வான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இருவரும் தருவைகுளம் வரை போய், ஆராதனைக்கு மணி அடிப்பதற்குள் திரும்பிவிடுவார்கள். இப்போது அவள் தனியாக ஓட்டத் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஓட்டுவது சந்தோஷமாகவும் இல்லை, கஷ்டமாகவும் இல்லை. கால் மட்டும் அடிக்கடி பெடலைவிட்டு நழுவியது.

அந்தச் சனிக்கிழமை இரண்டு சைக்கிள்களையும் ஒரு குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வேதமணியின் கடைக்குப் போனாள். வேதமணிக்கு ஐம்பது வயதிருக்கும். கியர் சைக்கிள் விற்பதும் பழுது பார்ப்பதும் தொழில். ஜெபினுக்குப் பத்து வருடப் பழக்கம். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். என்ன பேசுவது என்று தெரியாமல் மேசை ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

இடது காலில் உணர்வில்லை, நழுவுவது தெரிவதில்லை, காலைப் பூட்டி வைக்கிற பெடல் வேண்டும் என்றாள் ஷீஜா. ஜெபினின் சைக்கிளில் இருப்பது அந்த வகைதான். கிளிப்லெஸ் என்று பெயர். ஷூவின் அடியில் கிளீட் என்று ஓர் இரும்புத் துண்டு இருக்கும்; அது பெடலில் ‘டக்’ என்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். ஆனால் ஒன்றரை வருடம் உப்புக் காற்றில் நின்றதில் அவனுடைய பெடல்களின் ஸ்பிரிங் துருவேறி இறுகிவிட்டது. வேதமணி எண்ணெய் விட்டு, தட்டி, திருகிப் பார்த்தார். பேரிங்கும் போய்விட்டது என்றார். அப்படியென்றால் புதிது போடுங்கள் என்றாள்.

அவர் உடனே எடுத்துக் கொடுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

“மாட்டினது உனக்குத் தெரியாது, கழன்றதும் தெரியாது. வண்டி சாயும்போது கால் வரலன்னா என்னம்மா செய்வ?”

“விழுவேன் அண்ணாச்சி.”

“அதைத்தான் நானும் சொல்லுதேன்.”

“இப்பவும் கால் நழுவத்தான் செய்யுது. அடிபட்டதே வீட்டுக்கு வந்துதான் தெரியுது.”

வேதமணி எழுந்து அலமாரிப் பக்கம் போனார். பிறகு மூன்று ஜோடிப் பெடல்களை எடுத்து மேசைமேல் வைத்தார். முதலாவது ஒரு பக்கம் சாதாரணப் பெடலாகவும் மறுபக்கம் பூட்டாகவும் இருந்தது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதைத்தான் கொடுப்பாராம். ஷீஜா அதை விரலால் தட்டிச் சுழலவிட்டாள். எந்தப் பக்கம் மேலே வந்திருக்கிறது என்று கால்தான் சொல்ல வேண்டும், என் கால் சொல்லாது என்றாள். இரண்டாவதில் இரண்டு பக்கமும் பூட்டு. மூன்றாவது அகலமான வெறும் பெடல், பூட்டு கிடையாது.

ஆபீசில் பில்களைச் சரிபார்ப்பதுபோல அவள் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் இரண்டாவது ஜோடியில் இடதை எடுத்து ஒரு பக்கம் வைத்தாள். மூன்றாவது ஜோடியில் வலதை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். வலது காலை எப்போதும் ஊன்றலாம். இடது கால் பூட்டிலேயே இருக்கட்டும். நின்ற பிறகு நிதானமாகக் கழற்றிக்கொள்வேன் என்றாள்.

“இப்படி யாரும் கேட்டதில்லை,” என்றார் வேதமணி. ஆனால் அவர் முகம் தெளிந்திருந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் கழலக்கூடிய கிளீட்டைத் தேடி எடுத்தார். ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தார். கிளீட் தரையில் இடிக்காத, அடி கெட்டியான ஷூவாகப் பார்த்துக் கொடுத்தார்.

பிறகு அவளுடைய சைக்கிளைத் தூக்கி ஸ்டாண்டில் மாட்டினார். பிரேக் கேபிள் துருப்பிடித்திருந்தது. குழியில் இறங்கும்போது அதிர்வைத் தாங்க வேண்டிய முன் ஃபோர்க் அமுங்கவே இல்லை. ஃபோர்க்கும் டிஸ்க் பிரேக்கும் மாற்றினால் நல்லது என்று சொல்லிவிட்டு, என்ன வாங்கலாம் என்று யோசித்தார். ஷீஜா ஜெபினின் சைக்கிளைக் காட்டினாள். அதில் இருந்தது நல்ல ஏர் ஃபோர்க். ஹைட்ராலிக் பிரேக். சக்கரமும் நல்ல சக்கரம்.

“அதுல இருந்து எடுத்துப் போடுங்க.”

“எல்லாத்தையுமா?”

“எது ஆகுமோ அது.”

வேதமணி முதலில் ஜெபினின் பெடல்களைக் கழற்றினார். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் ஓடும். இத்தனை வருடத் தொழிலில் இருக்கிறவர் தவறான பக்கம் ஸ்பேனரைத் திருகிவிட்டு, பிறகு மாற்றினார். சக்கரத்தைக் கழற்றியதும் ஷீஜா வாங்கிப் பிடித்துக்கொண்டாள். ஃபோர்க்கை உருவும்போது அவர் கை நின்றுவிட்டது. கிரீஸ் படிந்த முன்கையால் கண்ணைத் துடைத்தார். முகமெல்லாம் கறுப்பானது. அவனுக்கு இதை மாட்டிய அன்று இதே இடத்தில் நின்று டீ குடித்தோம் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். ஐம்பது வயது மனிதர் தோள் குலுங்க அழுதார்.

ஷீஜா சக்கரத்தைப் பிடித்தபடி நின்றாள். அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. கைக்குட்டையை நீட்டினாள். கிரீஸ் ஒட்டிவிடும் என்று அவர் வாங்கவில்லை. சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. ஜெபினின் சைக்கிளில் சட்டமும் ஹேண்டில்பாரும்தான் மிஞ்சின. அதைக் கடையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டு வாசலில் நான்கு நாள் பழகினாள். கிளீட் மாட்டுகிற சத்தம் காதில் விழுந்தது. அது போதும் என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குக் கிளம்பினாள். புதிதாக மாட்டிய ஃபோர்க்கில் குழிகள் தெரியவில்லை. உப்பளத்துக்குள் திரும்பும் மண்பாதையில் உப்பு ஏற்றப் போகிற டிராக்டர் ஒன்று எதிரே வந்தது. ஒதுங்குவதற்காக இடது ஓரம் போனாள். வரப்பு உதிர்ந்தது. சைக்கிள் இடப்பக்கமே சாய்ந்தது. ஊன்ற வேண்டிய வலது கால் உயரத்தில் இருந்தது. அவள் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தாள்.

முழங்கால் ஆழம்தான். பாத்திகளுக்குப் பாய்ச்சும் உப்புத் தண்ணீர். இடது கால் பூட்டியபடியே சைக்கிளுக்கு அடியில் கிடந்தது. குதிகாலைத் திருப்பினாள், திரும்புகிறதா என்று தெரியவில்லை. டிராக்டர் சத்தத்தில் காதும் உதவவில்லை.

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெண் பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். சேலைமேல் ஆண்கள் சட்டையும் காலில் ரப்பர் பூட்ஸும் போட்டிருந்தாள். பெடலையும் ஷூவையும் ஒரு முறை பார்த்தாள். பூட்டோடு மல்லுக்கட்டாமல் ஷூவின் பட்டையைப் பிரித்து, காலை மட்டும் உருவி வெளியே எடுத்தாள். ஷூ பெடலிலேயே நின்றது. அவள் பெயர் தேவகனி. ஷீஜாவைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம்.

வரப்பில் உட்காரவைத்து, தன் குடிதண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து ஷீஜாவின் கையையும் காலையும் கழுவினாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. இடது பாதத்திலும் நல்ல காயம். தண்ணீர் பட்டும் ஷீஜா அந்தக் காலை இழுக்கவில்லை என்பதைத் தேவகனி கவனித்தாள்.

“எரியலையா?”

“அந்தக் கால்ல ஒண்ணும் தெரியாது.”

“என்னாச்சு?”

யார் கேட்டாலும் ஆக்சிடெண்ட் என்ற ஒற்றை வார்த்தையோடு முடித்துவிடுவதுதான் ஷீஜாவின் வழக்கம். இன்று அந்த வார்த்தைக்குப் பின்னால் மற்றதும் வந்தது. வேம்பார்க் கல்யாணம், லாரி, சாலையில் கிடந்தபடி ஜெபினைக் கூப்பிட்டது. ஐந்தாறு முறை கூப்பிட்டதாகச் சொன்னாள்.

“பக்கத்துலதான் கிடந்தாரு. கை எட்டல.”

தேவகனி பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை அவள் முழங்கையில் ஊற்றினாள். தூரத்திலிருந்து மேஸ்திரி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வாரேன் என்று சத்தம் கொடுத்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போகச் சொல்லி எழுந்து போனாள்.

ஷீஜா வரப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. முழங்கை எரிந்தது. எரிச்சல் தோள்வரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஊதிவிட்டாள். பிறகு பெடலிலிருந்து ஷூவைத் திருகி எடுத்து, ஈரத்தோடு மாட்டிக்கொண்டு சைக்கிளை மெதுவாக உருட்டியபடி நடந்தாள்.

அடுத்த நாள் வேதமணி ஸ்பிரிங்கை இன்னும் இரண்டு சுற்றுத் தளர்த்தினார். சங்கிலியைக் கழுவி எண்ணெய் விட்டார். உப்புத் தண்ணீரில் இறங்கினால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும் என்று திட்டுவதுபோலச் சொன்னார். அவள் விழுந்த கதையைக் கேட்கும்போது மட்டும் கை வேலையை நிறுத்தினார்.

பிறகும் இரண்டு முறை விழுந்தாள். இரண்டு முறையும் கால் தானாகவே கழன்றுகொண்டது. மே மாதம் மூன்றாவது ஞாயிறு தருவைகுளம் வரை போய்ச் சேர்ந்தாள். கரையோரக் கடையில் டீ வாங்கி, சுவரோரம் நின்றபடியே குடித்தாள். நாட்டுப் படகுகள் வந்து மீன் இறங்கிக்கொண்டிருந்தது. பெரிதாக எதுவும் தோன்றவில்லை. பசித்தது. இரண்டு வடை வாங்கித் தின்றாள்.

அப்போது போன் அடித்தது. வேதமணி. பெடல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது, தருவைகுளத்தில் நிற்கிறேன் என்றாள். பிறகு, அடுத்த வாரம் நானும் வரட்டுமா என்று கேட்டார்.

“வாங்க அண்ணாச்சி. அஞ்சரைக்கே கிளம்பணும். பிந்துனா திரும்பி வரயில எதிர்காத்து,” என்றாள்.