சுபாஷினிக்குப் பதிலாக மோகனா

மலாய் நாட்டு ஜார்ஜ்டவுனில், தொழிலுறவு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் மோகனா சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தங்கை சுபாஷினி. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. கிளினிக்கில், பேங்கில், கல்யாண வீட்டில் என்று தனக்கு எட்டு வயதானதிலிருந்து தங்கைக்காகப் பேசிவருவது மோகனாதான். இன்றைக்குப் பார்த்து வேறு ஆள் ஏற்பாடு செய்திருக்கிறார்களாம்.

"ஏன் ஹபீபாக்கா, எனக்கு வாயில்லையா? எந்தங்கச்சி சொல்றத எடுத்துச் சொல்ல வெளியாளு எதுக்கு?"

ஹபீபா பீவி மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் சார்பில் இந்த மாதிரி வழக்குகளை எடுத்து நடத்துகிறவர். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"வாயெல்லாம் நல்லாத்தான் இருக்கு உனக்கு. ஆனா நீ அக்கா. மொழிபெயர்க்கிறது அக்காவா இருக்கக்கூடாது."

"அவ கை பேசறது எனக்குத்தான்லா புரியும்."

"பாப்போம். என்கிட்ட சொல்லாம விட்டது ஏதாச்சும் இருக்கா? உள்ள போனப்புறம் தெரிஞ்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"ஒண்ணும் இல்ல."

சுபாஷினி ஒரு ஹோட்டலின் டோபிப் பிரிவில் ஒன்பது வருடம் வேலை செய்தவள். பிப்ரவரியில் அங்கே தீ ஒத்திகை நடந்தது. மணி அடித்ததும் எல்லாரும் கீழே இறங்கிப் போய்விட்டார்கள். இவள் மட்டும் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் வேலை இல்லை. மணியோடு சேர்ந்து மின்னும் விளக்கு ஒன்றை மாட்டியிருந்தால் முடிந்துபோகும் விஷயம், அதற்கு ஆளையே நீக்கிவிட்டார்கள் என்று ஹபீபா மனுவில் எழுதியிருந்தார். சுபாஷினி கேட்டது ஒன்றே ஒன்று: அதே வேலை, அதே மெஷின்.

சைகைமொழி பெயர்ப்பாளர் நஸீஹா வந்ததும் சுபாஷினியின் கைகள் விறுவிறுவென்று ஓடத் தொடங்கின. மோகனாவுக்கு நான்கில் ஒன்றுகூடப் பிடிபடவில்லை. வீட்டில் அவர்களுக்குள் சாப்பாடு, குளியல், கோபம், கடை என்று ஒரு நூறு சைகை இருந்தால் அதிகம். இங்கே இரண்டு பேரும் பசாரில் நின்று பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா சொல்றா?"

நஸீஹா சிரித்தாள். "'அக்கா கோவமா இருக்கா, நீ பயப்படாதே'ன்னு சொல்றாங்க."

உள்ளே அதிகாரி இமான் அம்மையார் மலாயில் விசாரணையைத் தொடங்கினார். ஹோட்டல் சார்பில் வந்திருந்த கோகுலன் கோப்பிலிருந்து, சுபாஷினிக்குப் படிக்க வராத ஆங்கிலத்தில் இருந்த ஒரு கடிதத்தை எடுத்து வைத்தான்.

"நாங்கள் யாரையும் நீக்கவில்லை, புவான். அவராகவே விலகினார். இதோ கையெழுத்து. அவருடைய அக்காவை வரவழைத்து, விளக்கிச் சொல்லவைத்து, பிறகுதான் வாங்கினோம்."

நஸீஹாவின் கைகள் அதைச் சொல்லி முடித்தன. சுபாஷினி கடிதத்தை உற்றுப் பார்த்தாள்.

"'அது லீவுக் கடிதம் இல்லையா?' என்று கேட்கிறார்" என்றாள் நஸீஹா.

ஹபீபா பீவி கோகுலனைப் பார்க்கவில்லை. மோகனாவைப் பார்த்தார்.

"சம்மதத்தோடு விலகியிருந்தால், நான் விசாரிக்க இங்கே எதுவும் இல்லை" என்றார் அதிகாரி.

தீ ஒத்திகை நடந்த வாரத்தின் வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் மோகனாவை ஹோட்டலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவளுக்கு அரை மணி நேரத்தில் தான் வேலை பார்க்கும் கடைக்குத் திரும்பியாக வேண்டும். தானாக விலகினால் நல்ல நற்சான்று தருவோம், நாங்கள் நீக்கினால் வேறு எவனும் எடுக்கமாட்டான் என்று கோகுலன் பணிவாகத்தான் சொன்னான். அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. சுபாஷினிக்கு விளக்கப்போனால் ஒரு மணி நேரம் ஆகும், மேசையைத் தட்டுவாள், மானம் போகும். 'லீவு, கையெழுத்துப் போடு' என்று சைகை காட்டினாள். சாயங்காலம் வீட்டில், 'முதலாளி வேண்டாமென்றுவிட்டான்' என்றாள். கல்யாண வீட்டில் யாராவது "பாவம், இவள யாரு கட்டிக்குவா" என்றால், 'உன் சேலை அழகாம்' என்று தங்கைக்குச் சொல்லிப் பழகியவள்தானே.

கோகுலன் தமிழுக்கு மாறினான். "சொல்லுங்கக்கா. அன்னிக்கு 'அவளுக்குச் சம்மதம்'னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அவ்ளோதான்."

"நான் சொன்னேன் தம்பி. அவ சொல்லல. நான் அவகிட்ட கேக்கவே இல்ல. லீவு பேப்பருன்னு சொல்லிக் கையெழுத்து வாங்கினேன்."

அதிகாரி கேட்கவும், அதையே மலாயில் ஒருமுறை சொன்னாள். நஸீஹாவின் கைகள் மேலெழுந்தன. மோகனா எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இத மட்டும் அவகிட்ட சொல்லாதம்மா. நான் வீட்ல போய்ப் பக்குவமாச் சொல்லிக்கறேன்."

"இங்க பேசறது எல்லாம் அவங்களுக்குப் போகணும்க்கா. இப்ப நீங்க கேட்டதும் சேத்துத்தான்."

கையை விடுவித்துக்கொண்டு சொன்னாள். எல்லாவற்றையும்.

சுபாஷினி மேசையைத் தட்டவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டு இரண்டு மூன்று சைகை காட்டினாள்.

"'என்னைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?' என்கிறார்."

கோகுலன் கைப்பேசியோடு வெளியே போனான். இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, ஹோட்டல் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறது, திங்கட்கிழமை அதே மெஷினுக்கு வரலாம், மின்னும் விளக்கும் மாட்டப்படும் என்று சொல்லி, அதை மலாயில் ஒரு தாளில் எழுதி வைத்தான்.

"சம்மதமா?" என்று அதிகாரி கேட்டார்.

மோகனாவின் தலை தானாக ஆடியது. அதிகாரி அவள் பக்கம் திரும்பவே இல்லை. சுபாஷினி தாளை இரண்டு முறை படித்தாள்.

"'கழிவறையிலும் ஒரு விளக்கு வேண்டும். அங்கேயும் மணி கேட்காது' என்கிறார்."

கோகுலன் அதையும் எழுதிச் சேர்த்தான்.

வெளியே வந்ததும் மோகனா நஸீஹாவிடம் போனாள். "ஏம்மா, எங்ககூட சாப்பிட வரியா? அவகிட்ட கொஞ்சம் பேசணும். எனக்கு அந்த அளவுக்குச் சைகை தெரியல."

நஸீஹா முதலில் சுபாஷினியிடம் கேட்டாள்.

"'இன்னிக்கு வேணாம், நான் பஸ்ல போய்க்கறேன்'ங்கறாங்க."

"இங்கேருந்து எந்த பஸ்ஸுன்னு தெரியுமா அவளுக்கு?"

அதுவும் கைகளுக்குப் போய்ப் பதிலாகத் திரும்பி வந்தது.

"'மனு விஷயமா மூணு தடவ இங்க தனியா வந்ததே அந்த பஸ்லதான்'ங்கறாங்க."