கூட இருக்க ஒருவர்

பார்சல் ஆபீசில் அவருக்கு ‘முடிச்சு’ என்றுதான் பெயர். இருபத்தாறு வருஷமாகப் பெட்டி கட்டுகிறவர். அவர் போட்ட கட்டு வழியில் அவிழ்ந்தது என்று ஒரு புகார்கூட வந்ததில்லை.

இதயத்தில் இரண்டு அடைப்பு என்றார்கள். வலது மணிக்கட்டின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய ட்யூபை நெஞ்சுவரை செலுத்தி ஒன்றைச் சரிசெய்தார்கள். மற்றதை ஆறு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். மணிக்கட்டு வழியாகச் செய்தால் உடனே எழுந்து உட்காரலாம், மறுநாள் நடந்தே வீட்டுக்குப் போகலாம், பக்கத்தில் ஆள் வேண்டாம். அவருக்குப் பிடித்தது இந்தக் கடைசி விஷயம்தான். ஆஸ்பத்திரிப் படிவத்தில் ‘உடன் வந்தவர்’ என்ற இடத்தில் ‘தம்பி’ என்று எழுதித் தன்னுடைய இன்னொரு செல்போன் நம்பரைக் கொடுத்திருந்தார். நர்ஸ் அந்த நம்பரைக் கூப்பிட்டபோது அது தலையணைக்கு அடியில் அலறியது.

“தம்பி ரொம்பப் பக்கத்துலயே இருக்காரே!” என்று நர்ஸ் சிரித்தாள். அவரும் அசடு வழியச் சிரித்துவைத்தார்.

“நாளைக்குக் காலைல மணிக்கட்டுல போட்டிருக்கற கட்டைப் பிரிச்சிடுங்க. இறுக்கமா மட்டும் எதையும் கட்டாதீங்க” என்று சொல்லி அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்து இடது கையால் பூட்டைத் திறந்தார். ஒற்றை அறை. கட்டிலில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பார்த்தபோதுதான் பயம் வந்தது. தூங்கும்போது ரத்தம் கசிந்தால்? கதவைத் தட்ட யார் வருவார்கள்? ஆபீசில் ஒரு வாரம் லீவு சொல்லியிருந்தார். ஒரு வாரம் தேட மாட்டார்கள். பையில் கிடந்த, பெட்டி கட்டுகிற நாடாவை எடுத்தார். பல்லால் ஒரு முனையைப் பிடித்து, கட்டின் மேலேயே நாலு சுற்று சுற்றி, தனக்குத் தெரிந்த முடிச்சைப் போட்டார். விரல்கள் மரத்துப்போயின. மூன்று நாள் அவிழ்க்கவில்லை.

ஆறு வாரம் கழித்து டாக்டர் அவருடைய மணிக்கட்டில் விரல் வைத்தார். இடம் மாற்றி வைத்தார். பிறகு ஸ்கேன் பார்த்தார். டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது, ஆனால் கண்டிப்பான பெண்.

“இங்க துடிப்பே இல்லையே. என்ன செஞ்சீங்க?”

சொன்னார்.

“ஐயோ, பெரியவரே! ட்யூப் போய் வந்தாலே குழாயோட உள்சுவர் சிராய்ஞ்சு தடிச்சிருக்கும். அப்ப உள்ள ரத்தம் ஓடிக்கிட்டே இருக்கணும். நீங்க நிறுத்திட்டீங்க. உறைஞ்சு அடைச்சே போச்சு.”

“கை போயிடுமா?”

“போகாது. சுண்டுவிரல் பக்கம் இன்னொரு குழாய் இருக்கு, அது காப்பாத்திடும். ஆனா இந்த வழி இனிமே இல்ல. இடது கையில குழாய் நூல் மாதிரி இருக்கு. தொடை வழியாத்தான் போகணும். முடிஞ்சதும் ஆறு மணி நேரம் காலை மடக்காம மல்லாந்து படுக்கணும். ஒரு வாய் தண்ணிக்குக்கூட ஒருத்தர் வேணும். ஆள் வந்தாத்தான் தேதி. தள்ளிப்போடாதீங்க, அந்த அடைப்பு சும்மா இருக்காது. தம்பி இருக்காருல்ல?”

“அப்படி யாரும் இல்லைங்க” என்றார். இதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நாலு நாள் யோசித்தார். மாடியில் இருப்பவரை அவருடைய செருப்பை வைத்துத்தான் தெரியும். டீக்கடைக்காரர் கடையை விட்டுவிட்டு வர முடியாது. செல்போனில் இருந்த நம்பர்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். கேஸ், கரண்ட், ஆபீஸ் மேனேஜர், இன்னொரு நம்பரில் தானே.

ஐந்தாம் நாள் அவருடைய மேஜைக்கு எதிரே தராசடியில் உட்காரும் அம்மா குரல் கொடுத்தாள். பதினோரு வருஷமாக அவர் கட்டும் பெட்டிகளை எடைபோடுகிறவள்.

“என்ன முடிச்சண்ணே, இன்னிக்குக் கட்டு தொளதொளன்னு இருக்கு? யார் நெனப்புல இருக்கீங்க?”

பெட்டியைத் தராசில் வைத்தார்.

“ஒரு நாள் லீவு போட முடியுமாம்மா? ஆஸ்பத்திரில எனக்குப் பக்கத்துல ஒருத்தர் இருக்கணும்னு சொல்றாங்க. சும்மா உட்கார்ந்திருந்தா போதும். முடியலைன்னா பரவாயில்ல, நான் வேற ஆள்...”

“வேற ஆள் யாரு?”

அவர் பெட்டியின் கட்டை இழுத்துச் சரிசெய்தார். அவள் எடையைப் பார்த்துச் சீட்டில் எழுதினாள்.

“ராத்திரி தங்க முடியாது, வீட்டுல மாமியார் படுத்த படுக்கை. காலைல வந்து இருட்டுற வரைக்கும் இருக்கேன். போதுமா?”

“தாராளம்மா. ஆறு மணி நேரந்தான்.”

“படுத்துக்கிட்டே சாப்பிடணும்ல. என்ன கொண்டாரட்டும்? என்ன பிடிக்கும்?”

“எதுவா இருந்தாலும் சரி.”

“அப்படி ஒண்ணை நான் சமைச்சதில்ல. நல்லா யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க.”

அடுத்த பெட்டியை இழுத்தார். நாடாவை வெட்டினார். தனக்கு என்ன பிடிக்கும் என்று சாயங்காலம் வரை யோசித்துப் பார்த்தார். எதுவும் நினைவுக்கு வரவில்லை.