வேற்றுக் கிரகத்துக் கிணறு

ஞாயிறு மதியம் யான்யாவின் அடுக்களையில் தொலைக்காட்சி ஓடினால், பக்கத்து வீட்டு ஒப்ராத் காப்பிக்கு வந்துவிடுவான். அவள் குரோவத்தியப் பெண், அவன் செர்பியன். இருவருமே இரு இனத்தாருக்கும் நடந்த போர் ஓய்ந்தபிறகு வுக்கோவார் நகரின் இந்தத் தெருவுக்குக் குடிவந்தவர்கள். போரில் காணாமற்போன புருஷன் மார்த்தினின் எலும்பையாவது கண்டு புதைத்துவிட்டுத்தான் சாவது என்று யான்யா உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று ஓடியது விண்வெளித் தொடர். பாழாய்க் கிடந்த ஒரு கிரகத்தைக் காட்டிக் கப்பல் தலைவன் சொன்னான்: "பழைய பூமியில் செர்பியரும் குரோவத்தியரும் இப்படித்தான் அழிந்தார்கள்."

ஒப்ராத் தொடையில் தட்டிச் சிரித்தான். "கேட்டியா? நட்சத்திரத்துக்குப் போயும் நம்ம மானத்தைத்தான் வாங்குறானுங்க."

"நீ வந்து என் காப்பியைக் காலி பண்றதை எவனாச்சும் சொல்றானா பாரு."

சொன்னவள் அப்படியே நின்றாள். கிரகம் என்று அவர்கள் காட்டியது பழைய போர்ப்படம்; மேலே ஊதா நிறம் பூசியிருந்தார்கள். கூரையில்லா வீடுகள். ஓர் இரும்புக் கதவில் இரட்டைச் சேவல். அது ஒப்ராத் வீட்டுக் கதவு. உள்ளே முற்றத்தில் ஒரு கிணறு. கிணற்றடியில் முதுகு காட்டி ஒருவன், இடத்தோள் சரிந்து நின்றான். மூட்டை சுமந்து சரிந்த தோள்.

"அது மார்த்தின். ஒப்ராத், உன் முற்றத்துல கெணறு ஏது? காணாமப்போனவங்களைத் தேட வந்தவங்ககிட்ட இல்லவே இல்லேன்னு சொன்னியே?"

"படம் யான்யா. அது வேற கிரகம்." காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் அதே தொடரை மறுபடி போட்டார்கள். கதவு இருந்தது, கிணறு இருந்தது. கிணற்றடியில் யாரும் இல்லை.

யான்யா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடினாள். முற்றத்தில் ஒப்ராத் கடப்பாரையால் சிமெண்டுத் தரையை இடித்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"குடிவந்தப்ப கெணத்துல நாத்தம். எட்டிப் பாக்கப் பயம். கல்லைக் கொட்டிச் சிமெண்டு பூசி மூடிட்டேன்."

"பாக்கவே இல்லையா?"

"இல்ல. நேத்து நீ முதுகைத்தானே பாத்தே?" அவன் கடப்பாரையை மறுபடி ஓங்கினான். "என்னை அவன் திரும்பிப் பாத்தான்."

தரை வெடித்த இடத்திலிருந்து சில்லென்று காற்று வந்தது. யான்யா மண்டியிட்டு அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"மெல்ல இடி," என்றாள். "அவரு தலையில பட்டுடப் போகுது."