குடும்ப டிக்கெட்

நாம் குறைவாகத்தானே போகிறோம், கூடுதலாக இல்லையே. ஆள் குறைவாக இருப்பது எப்படிக் குற்றமாகும்?

சூடு ஆறாத படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு அவள் இதையே நினைத்துக்கொண்டு நின்றாள். எதிர்முனையைப் பிடித்திருந்தவள் வாயாடி. ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்து மடிக்கும் அந்தக் கூடத்தில், இயந்திரங்களின் இரைச்சலை மீறிப் பேசக்கூடிய ஒரே தொண்டை அவளுடையது என்பதால் வைத்த பெயர். அவளும் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டிருந்தாள்.

"இழுடி. எந்த ஊர் ராணின்னு நினைச்சுக்கிட்டு நிக்கிற? துணி தரையைத் தொடுது பாரு."

அவள் இழுத்தாள். இருவரும் நடந்து வந்து முனையோடு முனை சேர்த்தார்கள்.

"போன் பண்ணிக் கேட்டேன்," என்றாள் அவள். "செல்லாதாம்."

வாயாடியின் கை நின்றுவிட்டது. செல்லாதது இவளுடைய டிக்கெட் மட்டுமில்லை, அந்தக் கூடத்தின் டிக்கெட். சோப்புத்தூள் பாக்கெட்டின் மூலையை வெட்டிச் சேர்த்து அனுப்பினால் தீம் பார்க்குக்குக் குடும்ப டிக்கெட் இலவசம் என்று விளம்பரம் வந்ததிலிருந்து, அங்கே வேலை செய்யும் எல்லாப் பெண்களும் தங்கள் வீட்டுப் பாக்கெட்டுகளை வெட்டிக்கொண்டு வந்து இவள் கையில் கொடுத்திருந்தார்கள். ஒருத்தி தன் மாமியார் வீட்டுக் குப்பையிலிருந்து எடுத்து வந்தாள். வாயாடி, தீராத தூளைக் காலிக் குடத்தில் கொட்டிவைத்துவிட்டுப் பாக்கெட்டை வெட்டியவள்.

விளம்பரத்தில் இருந்ததையெல்லாம் அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். எந்த நாட்களில் செல்லும், எந்தப் பஸ் வாசலிலேயே நிற்கும், உள்ளே சாப்பாடு கொண்டுபோகக் கூடாது, கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே வந்து மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு மறுபடி போகலாம். தண்ணீர் விளையாட்டுகளை மதியத்துக்குப் பிறகு வைத்துக்கொண்டால் ஈரத்துணியோடு நாள் முழுக்க அலைய வேண்டாம். ராட்டினத்தில் மகளுக்குப் பயம் வந்தால் எந்தப் பக்கம் உட்கார்ந்து தோளை அணைத்துக்கொள்வது என்பதுவரை யோசித்திருந்தாள். யோசிக்காமல் விட்டது ஒரே ஒரு சொல்லை. குடும்பம். அந்தச் சொல்லுக்குக்கூட அர்த்தம் அச்சடித்திருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தானும் மகளும் இருக்கிற வீட்டுக்கு வேறு என்னதான் பெயர்?

தபாலில் வந்த டிக்கெட்டின் பின்பக்கம், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் அந்த அர்த்தம் இருந்தது. தாய், தந்தை, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள்.

போனில் பேசிய பெண்ணின் குரல் சின்னக் குரல். மரியாதைக்குக் குறைவில்லை.

"நாங்க ரெண்டே பேர்தாம்மா," என்று இவள் சொன்னாள். "மீதி ரெண்டு இடம் காலியா இருந்துட்டுப் போகட்டுமே."

"அப்படி விட முடியாது மேடம். நாலு பேரும் சேர்ந்து வாசலுக்கு வரணும். இல்லன்னா சிஸ்டம் எடுக்காது."

"காசு கொடுத்து வாங்கினா?"

அந்தப் பெண் விலையைச் சொன்னாள். இவள் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிற?" என்றாள் வாயாடி. "என் வீட்டுக்காரரை ஒரு நாள் வாடகைக்குத் தரேன். கூடவே என் ரெண்டாவதையும் ஓட்டிட்டுப் போ. திருப்பிக் கொண்டுவந்து விடலைன்னாலும் நான் போலீசுக்குப் போகமாட்டேன்."

இஸ்திரி மேடையிலிருந்து ஒருத்தி, "அந்த ஆளு ராட்டினத்துல ஏறுனா ராட்டினம் சுத்துமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்தபோது மடிக்க வேண்டிய துணி அப்படியே இருந்தது.

வீட்டில் மகளிடம் சொல்வதற்கு முன் தண்ணீர் குடித்துக்கொண்டாள். பதினொரு வயது. முன்பெல்லாம் லீவு விட்டால், எங்கேம்மா போறோம் என்று காலைச் சுற்றிச் சுற்றி வருவாள். இந்த வருஷம் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கக் கற்றுக்கொண்ட அந்த முகத்துக்காகத்தான் அவள் பாக்கெட்டுகளை வெட்டத் தொடங்கியதே. இன்னும் ஒரு வருஷம் போனால், கூட்டிக்கொண்டு போனாலும் பழைய ஆசையோடு வரமாட்டாள் என்று ஒரு பயம்.

கேட்டுவிட்டு மகள், "பரவாயில்லம்மா," என்றாள். பிறகு, "அங்க ரொம்பக் கூட்டமா வேற இருக்குமாம்," என்றாள்.

அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்யலாம். நம்மைச் சமாதானம் செய்கிற பிள்ளையை என்ன செய்வது? அவள் பாத்திரம் கழுவப் போனாள். கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள். முன்னறையில் போன் அடித்தது. மகளுக்கு வாரம் ஒருமுறை வரும் அவள் அப்பாவின் அழைப்பு. மகள் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னாள். பிறகு, பல மாதங்களாக அந்த வீட்டில் கேட்காத ஒரு சத்தம். மகள் வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் சனிக்கிழமை மதியம் அவர் வந்தார். பார்சல் வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. அவளாலேயே சொல்ல முடிந்ததில்லை. வேறொருத்தியோடு போய்ச் சேர்ந்து, அங்கே ஒரு மகன் பிறந்த பிறகும் மகளின் பிறந்தநாளை மறந்ததில்லை.

"நாளையோட தேதி முடியுதாமே," என்றார். "இவ சொன்னா. வீணாப் போறதுக்கு, நாங்க கூட்டிட்டுப் போறோமே? கணக்கா வருது பாரு. நான், அவ, சின்னவன், இவ."

ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு விரலை நீட்டினார். நான்கு விரல்கள் நிமிர்ந்து நின்றன. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் வந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா சின்னவன் அவளை விட்டு ஒரு நிமிஷம் இருக்க மாட்டான். அஞ்சு பேர்னா..."

"புரியுது," என்றாள். "கூட்டிட்டுப் போங்க."

அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. உள்ளே போய் டிக்கெட்டை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். மாற்றுத்துணி, துண்டு, சீப்பு என்று பையில் அடுக்கினாள். ஈரத்துணிக்குத் தனியாக ஒரு கவர் வைத்தாள். தண்ணீர் விளையாட்டு மதியத்துக்கு மேல்தான் என்று அவரிடம் சொல்லவும் சொன்னாள். கை தன் பாட்டில் வேலை செய்தது. மனம் எங்கோ தள்ளி நின்று, பரவாயில்லையே, இவ்வளவு தாங்குகிறாளே என்று வேடிக்கை பார்த்தது.

மகள் பையைத் தூக்கிப் பார்த்தாள். "நீ நாளைக்குத் தனியா என்னம்மா பண்ணுவ?"

"தூங்குவேன். நீ இல்லாத வீட்டுல கும்பகர்ணி மாதிரி தூங்குவேன்."

அவர் எழுந்திருக்கவில்லை. பிடரியைத் தேய்த்துக்கொண்டார்.

"இன்னொரு சின்ன விஷயம். வாசல்ல விசாரிப்பாங்களாம். பெரியவங்களைக் கேக்க மாட்டாங்க, பிள்ளைங்ககிட்டதான் பேச்சுக் கொடுப்பாங்களாம். என்கூட வண்டி ஓட்டறவன் அக்கா பசங்களைக் கூட்டிட்டுப் போனான். ஒரு பய வாயைத் திறந்து 'மாமா, ஐஸ்கிரீம்'னுட்டான். அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க."

"அதுக்கு?"

"இவ அவளைச் சித்தின்னு கூப்பிடறா. சித்தின்னு கூப்பிட்டா மாட்டிக்குவோம். நாளைக்கு ஒரு நாள் மட்டும் அம்மான்னு கூப்பிடச் சொல்லு."

"நீங்களே சொல்லலாமே."

"சொன்னேன். 'அம்மா சொல்லச் சொன்னா சொல்றேன்'ங்கறா. என் பேச்சை எங்க கேக்கறா? உன் பேச்சுதான்." அவர் சிரிக்கப் பார்த்தார். "ஒரு வார்த்தைதானே. காசா, பணமா?"

மகள் கதவோரம் நின்றாள். பை தோளில் ஏறியிருந்தது. அவள் முகத்தில் கெஞ்சல் இல்லை. கெஞ்சல் இருந்திருந்தால் இவளுக்கு எளிதாக இருந்திருக்கும். அங்கே இருந்தது தயார்நிலை. பள்ளியில் பாடம் ஒப்பிக்க எழுந்து நிற்கும்போது இருக்குமே, அது. சொல்லிவிடுவாள். நன்றாகவே சொல்வாள். இன்னும் சொல்லாததற்குக் காரணம், அனுமதி கிடைக்கவில்லை என்பது மட்டும்தான்.

என்ன குறைந்துவிடும், என்று இவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். வாசலில் நிற்பவனுக்காக ஒரு பொய். அவன் யார், நாம் யார். இந்தச் சிரிப்பை இனி எப்போது வாங்கித் தரப் போகிறாய்? உன் கௌரவத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தால் பிள்ளைக்குப் பசி தீருமா?

எல்லாக் கேள்விக்கும் பதில் ஒன்றுதான், சொல்லிவிடு என்பதுதான். அது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் வாசலோடு அது நிற்காது என்பதும் தெரிந்தது. ராட்டினம் உச்சியில் ஒரு கணம் நின்று கீழே சரியும்போது, பயத்தில் மகள் அம்மா என்று கத்துவாள். பக்கத்து இருக்கையில் அந்தச் சித்தி திரும்பிப் பார்ப்பாள். அவளும் நல்லவள்தான். அன்பாகத்தான் தோளை அணைத்துக்கொள்வாள். அந்த அன்பைத்தான் இவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"சித்தின்னே கூப்பிடட்டும்," என்றாள். "உள்ள விட்டா போங்க."

"விட மாட்டாங்கன்னுதானே சொல்றேன். அவ்வளவு தூரம் போயி திரும்பி வரவா? அதுக்கு நான் வரல." அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "நீயே முடிவு பண்ணிக்கோ."

மகள் இரண்டடி முன்னால் வந்தாள். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

"ஒரு நாள்தானேம்மா," என்றாள். "சொல்லேன்."

அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். தலையை மெல்ல அசைத்தாள்.

"நான் சொல்லமாட்டேன், கண்ணு."