ஒரு பருக்கைகூட இல்லை

டிஷ்வாஷரின் அடித்தட்டை வெளியே இழுத்துவிட்டு, ஃபில்டரைத் திருகி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார் பாச்சா. இந்த வாரமும் ஒரு பருக்கைகூட இல்லை. கறிவேப்பிலை இல்லை, கடுகு இல்லை. இரண்டு வேளையும் அடுப்பேற்றித் தளிகை நடக்கிற வீட்டில் இது எப்படி என்று அவருக்குப் புரியவில்லை.

மனைவி பூமாவுக்கு மணிக்கட்டில் ஆபரேஷன் ஆனதும் பெண் லக்ஷணா வாங்கி அனுப்பிய மெஷின் அது. இனிமேல் பாத்திரம் தேய்த்தால் மறுபடியும் கத்தி வைக்க வேண்டியிருக்கும், அப்புறம் விரல் மடங்காவிட்டால் என்னைக் கேட்காதீர்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். பாச்சா ரிடையரான பௌதிக வாத்தியார். மெஷின் நன்றாக இருந்தால் பூமாவின் கையும் நன்றாக இருக்கும் என்பது அவர் கணக்கு. சனிக்கிழமைதோறும் பழைய பல் பிரஷால் ஃபில்டரைத் தேய்ப்பார், கதவு ரப்பரைத் துடைப்பார். சின்ன காஞ்சிபுரத்து போர் தண்ணீர் கடினமானது, அதை மென்மையாக்க மெஷினுக்குள் அடிக்கடி உப்பு போட வேண்டியிருக்கும் என்றார்கள். ஆனால் உப்புக் குழியின் மூடியைத் திறந்தால் போட்ட உப்பு போட்டபடியே கிடந்தது.

பூமாவின் கையோ வீக்கம் வடிவதற்குப் பதில் இன்னும் வீங்கிக்கொண்டே போனது. காலையிலும் மாலையிலும் பாச்சா கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டிக்குப் போய்விட்டு வரும்போது பாத்திரங்கள் மெஷினுக்குள் பளபளவென்று அடுக்கியிருக்கும். பிறகு கை எதற்கு வீங்குகிறது? டாக்டரைச் சந்தேகப்படுவதைவிட மெஷினைச் சந்தேகப்படுவது சுலபமாக இருந்தது. கம்பெனிக்குப் போன் போட்டார்.

முதலில் மெஷினை மாட்டிய ஜோசுவாவே வந்தான். குனிந்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான்.

"ஓட்டிக்கினு இருந்தா அடியில கொஞ்சம் தண்ணி நிக்கும் சார். இங்க வறண்டு கெடக்குது. மாட்டுன அன்னிக்கு நான் ஓட்டிக் காட்னேனே, அதுக்கப்புறம் இது ஓடவே இல்ல."

"தினம் ஓடறதேப்பா" என்று ஆரம்பித்த பாச்சா நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு நாளுக்குப் பிறகு அது ஓடி அவர் பார்த்ததில்லை. பூமா மோர் எடுக்க உள்ளே போய்விட்டாள்.

ஜோசுவா கிளம்பிய பிறகு கேட்டார்.

"கையால தேச்சு, தொடச்சு, இதுக்குள்ள அடுக்கி வெச்சிண்டிருக்கியா?"

"ஆமாம்."

"ஏன் பூமா?"

"நீங்கதானே அன்னிக்குச் சொன்னேள், எச்சில் தட்டும் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ற பாத்திரமும் ஒரே தண்ணியிலயான்னு."

அவருக்கு ஞாபகம் வந்தது. மெஷினை ஓட்டிக் காட்டிய அன்று, தட்டுகளுக்குப் பக்கத்தில் பெருமாளுக்குப் படைக்கும் தளிகைப் பானையை ஜோசுவா வைத்தபோது கேட்டது.

"நான் சொல்லலியே, கேட்டேன். தெரியாமத்தான் கேட்டேன்."

"நீங்க கேட்டா அது கேள்வின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அது நிற்க இடமில்லாமல் அடங்கிப்போனது. தேய்க்காதே என்று டாக்டர் சொன்னதைவிட, பதில் தெரியாமல் அவர் கேட்டது அவளுக்குப் பெரிதாகப் போயிருக்கிறது. அந்தப் பதில் இப்போதும் அவரிடம் இல்லை. கோஷ்டியில் யாரையாவது கேட்கலாம். கூடாது என்று சொல்லிவிட்டால்?

காலையில் சாப்பிட்ட தட்டுகளை மெஷினில் வைத்தார். தளிகைப் பானையைக் கையில் எடுத்தவர், அதை வைப்பதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பூமா வீங்கிய கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. கதவைச் சாத்திப் பொத்தானை அமுக்கினார். பிறகு பானையைக் குழாயடியில் வைத்துவிட்டு, வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"இதுக்கு எந்த நார்?"

அவள் காட்டினாள். அடிப்பிடித்த சாதம் லேசில் வரவில்லை.

"ஊற வெச்சுட்டுன்னா தேய்க்கணும்" என்றாள்.

பின்னால் மெஷினுக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், பூமா அதைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். ஈரமே இல்லாத கையை மறுபடியும் துடைத்தாள்.