நோட்டில் மட்டும் குடித்த பால்

பூனைக்குட்டி அந்த வீட்டுக்குள் வந்தது ஒரு சட்டைப் பையில். பேக்கரியில் இரவு வேலை முடிந்து விடிகாலையில் வந்த கணவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டு, "கத்தாதே, முதல்ல பாரு" என்றார். கத்தாதே என்று சொல்லிவிட்டு எதையாவது நீட்டினால் யாருக்குத்தான் கத்தத் தோன்றாது? அவள் கத்தினாள். கண் திறக்காமல், காது ஒட்டிப்போய், உடம்பெல்லாம் மாவு அப்பிக்கொண்டு, எலி என்று சொன்னால் எலியே கோபித்துக்கொள்ளும்படி ஒரு உருவம் அவர் உள்ளங்கையில் கிடந்தது.

"அய்யோ, என்னங்க இது?"

"பூனை."

"இதுவா?"

"வளந்தா பூனை."

தாய்ப்பூனை மாவு ஏற்றி வந்த லாரிக்கு அடியில் சிக்கிச் செத்துவிட்டதாம். பேக்கரியின் பின்புறம் மூட்டைகளுக்கு இடையே நாலு குட்டிகள் கிடந்தன. அவர் குனிந்து பார்த்தபோது மூன்று விறைத்துப்போயிருந்தன. நாலாவது மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. அந்தச் சத்தமில்லாத வாய் அவரை என்னவோ செய்துவிட்டது. அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியதால் அவளும் கத்துவதை நிறுத்தினாள்.

"சரி, யாரு பாத்துக்கறது?"

"ரெண்டு பேரும்தான்."

அந்த வீட்டில் அது பேச்சுக்குச் சொல்கிற வார்த்தை. அவர் இரவு ஒன்பதுக்குப் போய் காலை ஐந்தரைக்கு வருவார். அவள் ஆறரைக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவுக்குப் போய் மாலை நாலரைக்கு வருவாள். ஒருவர் எழுந்த படுக்கையின் சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் அதில் விழுவார். கல்யாணமான பதினோரு வருடத்தில் அவர்கள் நேருக்கு நேர் போட்ட சண்டையைவிட, ஃப்ரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டிப் போட்ட சண்டைதான் அதிகம்.

சண்டையும் எப்போதும் ஒன்றேதான்: யாருக்கு அதிகக் களைப்பு? அடுப்பு வெக்கையில் எட்டு மணி நேரம் நிற்கிறவருக்கா, ஈரப் போர்வைகளை எண்ணி எண்ணித் தூக்கிப் போடுகிறவளுக்கா? "உனக்கென்ன, எண்ணுற வேலைதானே" என்று அவர் ஒருமுறை வாய்விட்டுவிட்டு, மூன்று நாள் உப்பில்லாமல் சாப்பிட்டார். இந்த ஒரு விஷயத்தில் இருவருமே இம்மியளவும் விட்டுக்கொடுத்ததில்லை.

பழக்கமில்லாத கைகள் என்னென்ன தப்பு செய்யுமோ அத்தனையையும் முதல் நாளே செய்து முடித்தார்கள். பசும்பால் கொடுத்தார்கள், வயிறு தண்ணீராகப் போனது. கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்து ஊட்டினாள்; பால் மூக்கு வழியாக வந்ததில் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அப்புறம் இரவெல்லாம் அதைச் சுற்றி வைத்த துண்டு நனையவே இல்லை. என்ன சமத்து என்று இருவரும் மெச்சிக்கொண்டார்கள். மறுநாள் மாலை அந்தச் சமத்தைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனபோது, டாக்டரம்மா உப்பிய வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த வயசுல தானா ஒண்ணுக்குப் போகத் தெரியாதும்மா. தாய் நக்கி விட்டாத்தான் போகும். நீங்க பஞ்சை வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சுத் துடைச்சு விடணும். ஒவ்வொரு தடவையும்."

"நல்லவேளை, நக்கச் சொல்லல" என்று வெளியே வந்ததும் கணவர் முணுமுணுத்தார். அவள் தெருவில் நின்று சிரித்தாள். அவர் பேச்சுக்கு அவள் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

டாக்டரம்மா பூனைக்குட்டிக்கென்றே இருக்கும் பால்பொடியும் சின்னப் பாட்டிலும் கொடுத்திருந்தார். குப்புறப் படுக்கவைத்துத்தான் ஊட்ட வேண்டும், பக்கத்தில் வெந்நீர்ப் பாட்டிலைத் துணி சுற்றி வைக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு நோட்டு. மணி, எத்தனை மில்லி, ஒண்ணுக்கு, ரெண்டுக்கு, காலையில் எடை, ஒன்று விடாமல் அதில் எழுத வேண்டும். எடை பார்க்க, பேக்கரியில் ஓரங்கட்டிப் போட்டிருந்த மாவு நிறுக்கும் தராசைக் கணவர் கேட்டு வாங்கி வந்தார். தட்டில் குட்டியை வைத்தால் நூற்றிரண்டு கிராம்.

"ரெண்டு பன்னு எடைகூட இல்ல" என்றார். அன்றிலிருந்து அதற்குப் பெயர் பன்னு.

ஆறு நாள் ஒழுங்காக நடந்தது. பகல் அவருடையது, இரவு அவளுடையது. அதாவது, யார் தூங்க வேண்டிய நேரமோ அவர் விழித்திருக்க வேண்டும். பன்னு நூற்றைம்பத்தெட்டு கிராமைத் தொட்டது. வீட்டிலிருந்த மற்ற இருவரும் தேய்ந்தார்கள். அவள் போர்வைக் கட்டுகளுக்கு நடுவில் எண்ணிக்கை தப்பி, மறுபடி மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். அவர் ஈஸ்ட் போட மறந்து, ஒரு தொட்டி மாவு பொங்காமல் கல்லாகக் கிடந்தது. கண்ணை மூடினால் மணல் அறுத்தது, திறந்தாலும் அறுத்தது.

ஏழாம் நாள் இரவு இரண்டு மணி அலாரத்தை யார் அணைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் இருந்தது அவளும் பன்னுவும்தான், பன்னு அணைத்திருக்க முடியாது. விழித்தபோது மணி நாலு. பதறிப்போய்ப் பால் கரைத்துக் கொடுத்துவிட்டு நோட்டை எடுத்தாள். இரண்டு மணிக்கு எதிரே வெள்ளையாக இருந்தது. அதற்கு மேலே அவருடைய பகல் வரிகள், ஒன்றுகூட விடாமல் வரிசையாக நின்றன. காலையில் அவர் வந்து இந்த வெள்ளையைப் பார்ப்பார். 'அடுப்புல வெந்துட்டு வந்து நான் ஒண்ணு விடல, நீ?' என்று ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையை நினைத்த மாத்திரத்தில் அவள் கை தானாக எழுதியது: 2.00 – 5 மில்லி. எண்ணாத போர்வைக்கு இதுவரை கையெழுத்துப் போடாதவள் அவள்.

ஒன்று எழுதிய கைக்கு இரண்டாவது சுலபம். அடுத்த நாள் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அவருடைய பன்னிரண்டு மணி வரியும் இரண்டு மணி வரியும் ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதிய மாதிரி இருந்தன. அவளுடைய வரிகளும் அப்படித்தான் இருந்தன என்பதால் பார்த்தவுடன் தெரிந்தது. அவள் கேட்கவில்லை. கேட்டால் அவரும் கேட்பாரே.

நூற்றைம்பத்தேழு. நூற்றைம்பத்திரண்டு. நூற்று நாற்பத்தேழு. 'எடை குறையுது. பால்பொடி சரியில்லையோ?' என்று ஃப்ரிட்ஜில் அவர் சீட்டு ஒட்டினார். 'இருக்கலாம்' என்று அதன் கீழே அவள் எழுதினாள். பாவம், பால்பொடிக்கு எதிர்த்துப் பேச வாயில்லை.

பதினோராம் நாள் அவளுக்கு வார விடுமுறை. காலையில் நூற்று நாற்பத்தொன்று. பாதங்கள் சில்லென்றிருந்தன, பாட்டிலை வாயில் வைத்தால் நாக்கு சும்மா கிடந்தது. அன்று இதைப் பார்த்துக் கத்தியவள் அவள்தான். இது செத்துப்போய்விட்டால் தாங்கமாட்டேன் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கணவர் அப்போதுதான் வந்து கட்டையாகச் சாய்ந்திருந்தார். எழுப்பாமல், பன்னு கிடந்த அட்டைப்பெட்டியையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள்.

டாக்டரம்மா குட்டியின் வயிற்றை அழுத்திப் பார்த்தார், சூடு பார்த்தார், பிறகு நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இவ்வளவு ஒழுங்கா எழுதின வீட்டை நான் பாத்ததில்ல" என்றார்.

அவளுக்கு முகம் சுட்டது.

"இத்தனையும் குடிச்சும் எடை இறங்குதுன்னா உள்ள ஏதோ நோய். ஊசி போட்டாகணும். ஆனா இந்த எடைக்கு அது ரொம்பக் கடுமையான மருந்தும்மா. கிட்னி தாங்கலாம், தாங்காமலும் போகலாம்."

"வேற வழியே இல்லையா டாக்டர்?"

"குடிக்காம இளைச்சிருந்தா வேற வழி இருக்கு. இதுதான் குடிச்சிருக்கே, நோட்டு சொல்லுதே."

டாக்டரம்மா சின்னக் குப்பி ஒன்றை எடுத்து, அதன் ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தினார். மருந்து மெல்ல ஏறியது. மேசைத் துணியில் பன்னு குப்புறக் கிடந்தது. வாயைத் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

"டாக்டர், ரெண்டு மூணு தடவை விட்டுப்போச்சு" என்றாள் அவள்.

ஊசி நின்றது. "ரெண்டா, மூணா?"

"நாலு."

டாக்டரம்மா நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"அஞ்சு... இல்ல. ஒன்பது. நாலு ராத்திரியில ஒன்பது தடவை. தூங்கிட்டேன் டாக்டர். குடுத்த மாதிரி எழுதிட்டேன்."

திட்டு விழும் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். விழவில்லை. டாக்டரம்மா நோட்டில் விரல் வைத்து எண்ணினார். "ஒன்பதுக்கு இவ்வளவு இறங்காது. பகல்ல யாரு குடுக்கறது?"

"எங்க வீட்டுக்காரர்."

"அவரும் விட்டிருந்தா ஊசி வேண்டாம். விடலன்னா வேணும். கேட்டுச் சொல்லுங்க. எனக்கு நிஜம் வேணும்."

முதல் தடவை போன் அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவை கடைசி மணியில் எடுத்தார்.

"ம்?"

"பகல்ல எத்தனை தடவை பால் குடுக்காம விட்டீங்க?"

அரைத் தூக்கத்திலும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நானா? நோட்டைப் பாரு. எல்லாம் எழுதியிருக்கேன்ல?"

"நானும்தான் எழுதியிருக்கேன். ஒன்பது தடவை குடுக்காமலே எழுதியிருக்கேன்."

பதினோரு வருடத்தில் முதல் தடவையாகத் தன் குடுமியை அவள் தானே எடுத்து அவர் கையில் கொடுத்திருந்தாள். 'பாத்தியா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆயுசுக்கும் அவர்தான் ஜெயித்தவர். மறுமுனையில் கட்டில் கிரீச்சிட்டது, அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"டாக்டர் ஊசியோட நிக்கறாங்க. நீங்க விடாம குடுத்திருந்தா இது நோய், போட்டுத்தான் ஆகணும். போட்டா அதுவே கொன்னாலும் கொன்னுடுமாம். சொல்லுங்க."

"போட வேண்டாம்னு சொல்லு" என்றார் அவர். பிறகு, "பதினாலு. பதினஞ்சுகூட இருக்கும். உக்காந்தபடியே தூங்கிடறேன். பாட்டில் கையிலயே இருக்கு, முழிச்சுப் பாத்தா பால் ஆறிக் கிடக்கு." குரல் உடைந்தது. "நான்தான் அதைப் பட்டினி போட்டுட்டேன்."

"நானும்தான் போட்டேன். அழாதீங்க" என்று அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

டாக்டரம்மா ஊசியை ஓரமாக வைத்தார். "அப்ப நல்ல செய்தி. இது நோய் இல்ல, பசி."

இப்படி ஒரு நல்ல செய்தியைக் கேட்டு அவள் அதுவரை வெட்கப்பட்டதில்லை. குட்டியை விளக்குச் சூட்டில் வைத்து, ஈறில் சர்க்கரைத் தண்ணீரைத் தடவினார்கள். அரை மணி நேரம் கழித்து நாக்கு அசைந்தது. முதலில் ஒரு மில்லி, அப்புறம் இன்னொன்று.

"இன்னிக்கும் நாளைக்கும் மணிக்கு ஒரு தடவை. பிழைச்சுடும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். நிஜமாவே குடிச்சா வாய்ப்பு இருக்கு" என்றார் டாக்டரம்மா. நிஜமாவே என்ற வார்த்தையை அவர் அழுத்திச் சொல்லவில்லை, அழுத்தாமலே பட்டது.

வீட்டு வாசலில் கணவர் நின்றிருந்தார், வெந்நீர்ப் பாட்டிலுக்குத் துணி சுற்றியபடி. இன்றிரவு வரமாட்டேன் என்று பேக்கரிக்குச் சொல்லிவிட்டிருந்தார். சண்டை நடக்கவில்லை. நடத்த யாருக்கும் தெம்பில்லை. நடத்துவதற்கு விஷயமும் இல்லை. அவள் பகல் பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் ஊட்டினாள், துடைத்து விட்டாள், எழுதினாள். அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீ போய்ப் படு. ரெண்டு மணிக்கு எழுப்பறேன்."

"நீங்களும் தூங்கிட்டீங்கன்னா?"

"தூங்கிட்டா தூங்கிட்டேன்னு எழுதறேன்."

அவள் படுத்தது மட்டும்தான் நினைவிருந்தது. கண் விழித்தபோது ஜன்னலில் மாலை வெயில் மஞ்சளாகியிருந்தது. மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. எழுந்து ஓடிவந்தாள். அவர் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார், மடியில் பெட்டி. பன்னு பாட்டில் துணியில் முகத்தைப் புதைத்திருந்தது. விலா ஏறி ஏறி இறங்கியது. அவர் நோட்டை நீட்டினார்.

2.00 – எழுப்பல. நானே குடுத்தேன். 3 மில்லி.

3.00 – 4 மில்லி. ஒண்ணுக்குப் போச்சு.

4.00 – தூங்கிட்டேன். 4.20க்குக் குடுத்தேன். பாதி என் சட்டையில.

5.00 – 5 மில்லி. தானா சப்பிக் குடிச்சுது.

நாலு மணி வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். அவர் சட்டையைப் பார்த்தாள். பால் காய்ந்து ஒட்டியிருந்தது. அந்த வரி அங்கே இருந்ததால், அடுத்த வரியில் இருந்த ஐந்து மில்லியையும் அவள் நம்பினாள்.