இருபத்து நான்கு குதிரைத்திறனும் இரண்டு கல்தூண்களும்

1

அவர் கடைசியாக என் கையில் கொடுத்தது அளவு டேப்பின் ஒரு முனை.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அங்கிருந்துதான். மாலை நான்கு மணி. எங்கள் தோட்டம் இரண்டு துண்டு. கீழே ஒன்றரை ஏக்கர், மேலே ஒன்றரை ஏக்கர், நடுவில் ஒரு மதில். மதிலில் ஒரே ஒரு வழி, அதன் இரு பக்கமும் கல்தூண்கள். இடது தூணோடு முனையை ஒட்டிப் பிடித்தபடி நான் நின்றேன். அவர் டேப்பை இழுத்துக்கொண்டு வலது தூணுக்குப் போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார்.

"கொஞ்சம் இறக்கிப் பிடி. நீ பாட்டுக்கு வானத்தை அளக்கறே."

இறக்கிப் பிடித்தேன். நோட்டு வீட்டில் இருந்ததால், சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு சாக்பீஸை எடுத்து எண்ணைத் தூணிலேயே எழுதினார். பிறகு கைப்பிடியைச் சுற்றினார். நான் விரலை எடுத்ததும் முனை மண்ணில் ஊர்ந்து அவரிடம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே, பாதி டீ மீதம் இருக்க, அவர் போய்விட்டார்.

2

இதற்கு முன் மூன்று தொடக்கங்கள் எழுதினேன். அச்சகத்தில் இருபத்தாறு வருடம் மெய்ப்புத் திருத்தியவள் நான். அடுத்தவர் பிழையைக் கண்டுபிடிப்பது பழக்கம். அடித்த வரிகளை மறைக்காமல் விடுவது என் தொழிலுக்கே ஆகாத காரியம். இருந்தாலும் விடுகிறேன்.

[மூன்று ஏக்கர் எலுமிச்சைத் தோட்டத்துக்கு எத்தனை குதிரைத்திறன் உள்ள டிராக்டர் பொருத்தம்?] கையேடு மாதிரி இருக்கிறது. கையேட்டில் யாரும் சாவதில்லை.

[அன்று எலுமிச்சை மரங்கள்] மரங்கள் என்ன செய்தன? ஒன்றும் செய்யவில்லை. நின்றன.

[என் கணவர் ஒரு] இந்த இடத்தில் பேனா நின்றது. 'ஒரு' என்று எழுதிவிட்டால் அடுத்து ஒரு சொல் வந்தாக வேண்டும். எந்தச் சொல்லைப் போட்டாலும் மீதி ஆள் வெளியே நிற்கிறார்.

ஆகவே டேப்.

3

டிராக்டர் கடைக்கு நாங்கள் போனது அளந்ததற்கு ஒரு வாரம் முன்னால். கடை என்றால் உயரமான கூரையும் வழவழப்பான தரையும் உள்ள பெரிய கூடம். மண்ணையே பார்த்திராத டயர்கள் வரிசையாக நின்றன. புது ரப்பர் வாசனையில் தூக்கம் வருவது போல் இருந்தது. நான் குரலைத் தாழ்த்தித்தான் பேசினேன், ஏதோ நூலகத்துக்குள் வந்துவிட்டது போல.

கடைக்காரர் எத்தனை ஏக்கர் என்று கேட்டார். மூன்று என்றதும் முகம் கொஞ்சம் வாடியது. உடனே சரிசெய்துகொண்டு, எதற்கும் நாற்பத்தைந்து குதிரைத்திறனாகப் பார்த்துவிடலாம், நாளைக்கே பக்கத்தில் நான்கு ஏக்கர் வாங்கினால் கை கொடுக்கும் என்றார்.

"வாங்காத நிலத்துக்கு இப்பவே டீசல் ஊத்தச் சொல்றீங்க" என்றார் இவர்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். அதன் பிறகுதான் உண்மையாகப் பேச ஆரம்பித்தார். எல்லோரும் முன்னால் நிற்கிற வண்டியைப் பார்த்துவிட்டுப் பிறகு இணைப்புகளைத் தேடுகிறார்கள், அதுதான் தப்பு என்றார்.

"பின்னாடி என்ன மாட்டப் போறீங்கன்னு முதல்ல சொல்லுங்க. முன்னாடி எது வேணும்னு நான் சொல்றேன்."

களையை வெட்டி மண்ணைப் புரட்டுகிற ரோட்டவேட்டர் வேண்டும். காய் மூட்டைகளைக் கொண்டுபோகச் சின்ன டிரெய்லர் வேண்டும். மருந்து தெளிப்பான் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவுதான் எங்கள் தேவை. அப்படியானால் இருபத்து நான்கு போதும் என்றார். எலுமிச்சைக்கு வேர் மேலாக ஓடுவதால் கனமான வண்டி ஈர மண்ணை அமுக்கிவிடும். வரிசைக் கடைசியில் திரும்புவதற்கும் சின்னதுதான் தோது.*

இவரை ஏறி உட்காரச் சொன்னார்.

"ஓட்டப் போறது நான் இல்ல. என் முட்டி எப்பவோ ராஜினாமா பண்ணிடுச்சு. அவங்கதான்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நானும் என்னைப் பார்த்துக்கொண்டேன், வண்டியின் பளபளப்பில். ஏறினேன். நாற்பத்தைந்தில் கிளட்சை முழுதாக மிதிக்க நான் இருக்கையின் நுனிக்கு வரவேண்டியிருந்தது. இருபத்து நான்கில் கால் தானாகப் போய் உட்கார்ந்தது. இவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். திருமணமாகி முப்பத்தொரு வருடத்தில் அவர் என்னை அண்ணாந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எட்டுதா?"

"எட்டுது."

"அப்ப இதுதான்."

* (ஒரு பக்கக் குறிப்பு. ரோட்டவேட்டர் பின் டயர்களைவிட அகலமாக இருக்கவேண்டுமாம். இல்லையென்றால் வண்டி போன தடம் இறுகி அப்படியே கிடக்கும். தன் தடத்தைத் தானே மூடிக்கொண்டு போகிற இயந்திரம். கதையும் அப்படி எழுதப்பட வேண்டும் என்றுதான் அச்சகத்தில் சொல்வார்கள். இந்தக் கதைக்கு அந்த இணைப்பு மாட்டப்படவில்லை.)

ஒரே சிக்கல், அகலம். டயரோடு வண்டி நூற்று முப்பத்திரண்டு சென்டிமீட்டர். ரோட்டவேட்டர் நூற்று நாற்பத்தேழு. அதற்கு அடுத்த சின்ன அளவு டயர் தடத்தை மூடாது. மதில் வழி எவ்வளவு என்று கடைக்காரர் கேட்டார். கைவண்டி போகும் என்றோம். அளந்து சொல்லுங்கள் என்றார்.

4

டேப்பைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும்.

அது முப்பது மீட்டர் துணி டேப். மரக்கன்று நட்ட வருடம் புல்வெட்டியில் மாட்டி, முனை சரியாகப் பத்து சென்டிமீட்டருக்கு அறுந்துபோனது. நான் புதிது வாங்கச் சொன்னேன். பத்துதானே, கழித்துக்கொண்டால் ஆயிற்று என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லா நீளமும் பத்து கூடுதலாகப் பிறந்து, பத்து குறைந்து நோட்டுக்கு வந்தது. கட்டில், ஜன்னல் திரை, குழாய், மர வரிசை எல்லாமே அப்படித்தான். ஒரு ஜன்னலுக்கு மட்டும் திரை இன்றும் தரையைத் தொடுகிறது. யார் கழிக்க மறந்தது என்று ஒரு வாரம் சண்டை போட்டோம். அதற்குப் பிறகு ஒரு சட்டம் வந்தது: எழுதுகிறவர்தான் கழிக்க வேண்டும்.

எழுதுவது எப்போதும் நான். அந்த ஒரு மாலை தவிர.

அன்று அவர் தூணில் எழுதினார். விளக்கேற்றும் நேரத்துக்கு நான் நோட்டோடு போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். நோட்டில் 152 என்று இருக்கிறது. வழக்கமாக அளவு, அதன் கீழ் பத்து, அதன் கீழ் விடை என்று மூன்று வரி இருக்கும். அன்று ஒரே ஒரு எண். மனதுக்குள் கழித்து எழுதினேனா, அப்படியே பார்த்து எழுதினேனா, நினைவில்லை. கடைக்காரருக்கு அதைத்தான் போனில் சொன்னேன். ஐந்து சென்டிமீட்டர் மீதம் இருக்கிறதே, தாராளம் என்றார். இரண்டு நாள் கழித்து, வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது, மழை பெய்து தூண் சுத்தமாகிவிட்டது.

5

நான்கு கதைகள் சாத்தியம்.

எழுதியவர் என்ற முறையில் அவர் கழித்திருந்து, நான் அப்படியே பார்த்து எழுதியிருந்தால் வழி நூற்று ஐம்பத்திரண்டு. வண்டி நுழையும்.

அவர் கழிக்காமல் விட்டு, நான் மனதுக்குள் கழித்து எழுதியிருந்தாலும் நூற்று ஐம்பத்திரண்டுதான். நுழையும்.

அவரும் கழித்து, நானும் கழித்திருந்தால் உண்மையில் நூற்று அறுபத்திரண்டு. அந்த வழி எங்கள் இருவரின் ஜாக்கிரதையால் காகிதத்தில் மட்டும் குறுகிப்போயிருக்கிறது. நன்றாகவே நுழையும்.

நான்காவது, [இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன்] அவள்தானே எப்போதும் கழிப்பாள் என்று அவர் விட்டிருக்க, அவர்தானே எழுதினார் என்று நானும் விட்டிருந்தால், நூற்று நாற்பத்திரண்டு. நுழையாது. ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று இன்னொருவர் முழுசாக நம்பினால் மட்டுமே நடக்கக்கூடிய பிழை அது. முப்பத்தொரு வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் அப்படி ஒரு பிழை செய்ய வரும்.

6

இங்கே ஒரு வில்லன் தேவைப்பட்டது. என் கொழுந்தனாரை வைத்து எழுதிப் பார்த்தேன்.

முதல் எழுத்துப்படியில் அவர் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, துக்கம் கேட்க வந்த இடத்தில் நிலத்தை அடி வைத்து அளந்தார். அது பொய். அவருக்குக் கருப்புக் கண்ணாடி கிடையாது. அண்ணன் போனதிலிருந்து இந்த நான்கு மாதமும் தினம் காலையில் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் போனவர் அவர். அந்தப் படியைக் கிழித்தேன்.

உண்மையில் அவர் சொன்னது வேறு. பக்கத்தில் அவருக்கு எட்டு ஏக்கர் இருக்கிறது. நாற்பத்தைந்து குதிரைத்திறன் வண்டியாக அவரே வாங்கி, ஒரு தூணைப் பெயர்த்து வழியை அகலப்படுத்தி, எங்கள் மூன்றையும் குத்தகைக்குச் சேர்த்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

"நீங்க எதுக்கு அண்ணி வெயில்ல கஷ்டப்படணும். வீட்ல நிம்மதியா இருங்க."

நல்ல மனதோடு சொன்ன வார்த்தைகள்தான். அந்த நிம்மதியை நினைத்துப் பார்த்தேன். ஜன்னல், தரையைத் தொடுகிற திரை, வெளியே வேறு யாரோ ஓட்டுகிற வண்டிச் சத்தம்.

கடைக்காரர் வெள்ளிக்கிழமை வண்டியையும் ரோட்டவேட்டரையும் ஓட்டிப் பார்க்கக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். கொழுந்தனாரிடம் சொன்னேன், மாட்டிய ரோட்டவேட்டரோடு மேல் துண்டுக்கு நானே ஓட்டிப் போகிறேன் என்று. நுழைந்தால் வண்டி எனக்கு. நுழையாவிட்டால் தோட்டம் குத்தகைக்கு அவருக்கு, தூணை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

ரோட்டவேட்டரைக் கழற்றிவிட்டு வண்டியைக் கொண்டுபோய், அந்தப் பக்கம் மறுபடி மாட்டலாமே என்று கேட்டார். மாட்டலாம். ஒருவர் வண்டியைப் பின்னால் நகர்த்த வேண்டும், இன்னொருவர் குனிந்து மூன்று இணைப்பிலும் இரும்பு ஊசி செருக வேண்டும். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர்.

அவர் பையிலிருந்து ஒரு புது இரும்பு டேப்பை எடுத்தார்.

"ரெண்டு நிமிஷ வேலை அண்ணி. அளந்துட்டா தீந்துது."

"அதான் வேண்டாங்கறேன்."

"அண்ணன் அளந்தது தப்பா இருந்தா?"

"அவர் மட்டுமா அளந்தார். இன்னொரு முனை என் கையிலதான் இருந்துது."

டேப்பை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். அவருக்கு நான் சரியாக விளக்கவில்லை. உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன். டேப் ஓர் எண்ணைச் சொல்லும். தூண்கள் எண் சொல்லாது. போ, அல்லது நில் என்று மட்டும் சொல்லும். வண்டி நுழைந்துவிட்டால் மூன்று கதைகளில் எது நடந்தது என்று கடைசிவரை தெரியப்போவதில்லை. அவர் கழித்தாரா, நான் கழித்தேனா, இரண்டு பேருமா என்பது தெரியாமலே நாங்கள் இருவரும் அந்த வழியில் நின்றுகொண்டிருக்கலாம்.

7

[கனவுகளைக் கதையில் எழுதக் கூடாது என்பார்கள். இது மதியத் தூக்கத்தில் வந்தது, சின்னதுதான், விட்டுவிடுங்கள்.]

கடைக்கூடத்தில் எல்லா வண்டிகளும் எலுமிச்சை நிறத்தில் நின்றன. நான் ஏறி உட்கார்ந்தேன். சத்தமே இல்லாமல் கிளம்பியது. பின்னால் மாட்டியிருந்தது ரோட்டவேட்டர் இல்லை, எங்கள் கட்டில், ஜன்னல், குழாய்கள், தரையைத் தொடுகிற திரை. எல்லாம் சேர்ந்து எவ்வளவு அகலம் என்று யாரோ கேட்டார்கள். தூண்கள் இரண்டும், நெரிசலான பேருந்தில் வழி விடுகிற ஆட்களைப் போல, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டன.

விழித்ததும் போய்ப் பார்த்தேன். இருந்த இடத்திலேயே இருந்தன.

8

இன்று வியாழக்கிழமை மதியம். நாளை இந்நேரம் நான்கில் ஒன்றாவது இல்லாமல் போயிருக்கும். நான்கும் இருக்கும்போதே எழுதிவிடவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

நாளை பத்து மணிக்கு லாரியிலிருந்து வண்டியை இறக்குவார்கள். கடைக்காரரும் கொழுந்தனாரும் சேர்ந்து ரோட்டவேட்டரை மாட்டுவார்கள். நான் ஏறுவேன். கிளட்ச் எட்டும், அது ஒன்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். கொழுந்தனார் இடது தூணருகே, நான் நின்ற இடத்தில் நின்று, வாங்க வாங்க என்று கை காட்டுவார். அவர் என்ன நடக்க வேண்டும் என்று விரும்புகிறார் என்பது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். முன் டயர்கள் போகும். பின் டயர்கள் போகும். அதுவரை நான்கு கதைகளும் ஒன்றுதான். அதற்குப் பிறகு பின்னால் கல்லில் இரும்பு உரசுகிற சத்தம் வரும், அல்லது

இந்த வரியை நான் முடிக்கப் போவதில்லை.

டேப் இதோ, மேஜை மேல், நோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன். வேண்டுமானால் நீங்கள் வலது தூண் வரை இழுத்துப் போய், குனிந்து, எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: இந்த டேப் இன்னும் பத்தில்தான் தொடங்குகிறது.